இடது பக்கத் துண்டு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், உன் மாமாவின் இருமலைத் தவிர. அது அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைகிறது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? தலையணையை மாற்றச் சொல்லி உன் பெண்டாட்டியிடம் சொன்னேனே, மாற்றினாளா?

பெட்டிக்குள் உன் பந்தயக் காருக்கான சேஸி இருக்கிறது. போனில் சொன்னால் "ம்ம், ம்ம்" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதி உள்ளே வைக்கிறேன். நடுவில் நீளமாக ஓடுகிற இரண்டு கம்பியும் எங்கள் லேபில் பல்லுக்குப் போடுகிற கம்பி. வளைத்தாலும் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். பக்கத்துப் பித்தளைத் தகடு இரண்டையும் கம்பியோடு இறுக்கிப் பற்றவைக்கவில்லை, கீல் வைத்திருக்கிறேன். கொஞ்சம் ஆடட்டும். ஆடினால்தான் வளைவில் கார் தடத்தின் நடுவில் இருக்கிற பள்ளத்தை விட்டுத் துள்ளாமல் போகும். பள்ளத்துக்குள் ஓடுகிற முன்பக்க நாக்கை நீயே மாட்டிக்கொள், மோட்டாரும் உன் பாடு. உள்ளங்கை நீளம்கூட இல்லாத மின்சாரக் காரின் அடிச்சட்டத்துக்கு இத்தனை பாடா என்று உன் மாமா கேட்கிறார். இருமிக்கொண்டே கேட்கிறார்.

எல்லாவற்றையும் கோணாமல் இருக்க உன் பலகையின் மேல் வைத்துத்தான் பற்றவைத்தேன். நீ எங்களோடு இருந்தபோது கூடம் முழுக்கத் தடம் போட்டு இரண்டு பேரும் கார் ஓட்டினோமே, அப்போது ஜன்னல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுமினியத்தை அரம் போட்டுத் தேய்த்து இந்தப் பலகையைச் செய்துகொண்டுவந்து கொடுத்தாய். ஆறு வருஷமாயிற்று. அடியில் நீ கீறிய எழுத்துகூட அழியவில்லை.

ஒரு விஷயம். உன் கார் பந்தயக் கிளப்பின் நுழைவுப் படிவத்தில் ஓட்டுபவர் பேருக்கு ஓரிடம், செய்தவர் பேருக்கு ஓரிடம் இருப்பதாகச் சொன்னாய். இரண்டாவதில் என் பேரை எழுது. சிரிக்காதே. இருபத்தோரு வருஷமாகப் பல் செட் செய்கிறேன். எத்தனையோ பேர் வாயில் என் கைவேலை இருக்கிறது, ஒருவருக்கும் என்னைத் தெரியாது. எல்லாம் டாக்டர் பேரில் போகிறது. ஒரே ஓர் இடத்திலாவது என் பேர் எழுதியிருந்தால் பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

தலையணை மாற்றியாயிற்று, கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. மாமாவின் இருமலுக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்குக் கை எரிச்சல் குறைந்ததா?

சேஸி பிரமாதம். நான் சும்மா சொல்லவில்லை. கிளப் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு காரையும் கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் வைத்து, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்ப்பார். எங்கேயாவது காகிதம் நுழைந்தால், "வீட்டுக்குக் கொண்டு போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். நம் காரில் நான்கு பக்கமும் செருகிப் பார்த்தார், நுழையவில்லை. காரைத் திருப்பி அடிப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாருங்க செஞ்சது?" என்று கேட்டார்.

பந்தயத்தில் இரண்டாம் இடம். கடைசி வளைவில் நான்தான் அவசரப்பட்டேன், காரின் மேல் குற்றமில்லை. பின் டயர் கொஞ்சம் மிருதுவாக இருந்தால் தேவலாம்.

பேர் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் பார்சலைக் கிளப் முகவரிக்கே அனுப்பு. பகலில் எங்கள் வீட்டில் வாங்க ஆளில்லை, செயலாளர் வாங்கி வைப்பார்.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

இரண்டாம் இடம் என்றதும் உன் மாமா இருமலை நிறுத்திவிட்டுக் கை தட்டினார். உங்கள் இருவருக்கும் அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா? என் கை எரிச்சல் பரவாயில்லை, ஈயம் தெறித்த இடம் மட்டும் கறுத்திருக்கிறது.

"யாருங்க செஞ்சது" என்று அவர் கேட்டார் என்று எழுதினாய். நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லையே. அதைத்தானே முதலில் எழுதியிருக்க வேண்டும், மடையா. அவர் என்ன சொன்னார், முகம் எப்படிப் போயிற்று, ஒரு பொம்பளையா என்றாரா, எல்லாவற்றையும் விவரமாக எழுது.

இன்னொரு சேஸி அனுப்பியிருக்கிறேன். இதில் பக்கத் தகடு கொஞ்சம் கனம், கார் இன்னும் தாழ்வாக உட்காரும். போன தடவை போலவே, பின் அச்சைப் பிடிக்கிற இரண்டு தாங்கிகளில் இடது பக்கத் தாங்கிக்கு அடியில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதே. அது அங்கேதான் இருக்கவேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

பிரியமுள்ள அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆபீசில் ஜன்னலுக்கு அளவெடுக்கப் போகிற ஆள் நின்றுவிட்டான், நானே ஏணியும் டேப்புமாக அலைகிறேன். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமா எப்படி இருக்கிறார்?

தொடர்ந்து மூன்று ஞாயிறு முதலிடம். இங்கே எல்லோரும் நம் காரைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஜூன் முதல் ஞாயிறு ஆண்டுப் போட்டி.

நீ கேட்டாயே, உன் பேரை எழுதியாயிற்று. செயலாளர் பார்த்துவிட்டு, "அக்காவா, பலே" என்றார். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

அக்கா, ஓர் உதவி. இந்தச் சேஸியை ஒரு தாளில் வரைந்து, எதெது எத்தனை மில்லி என்று குறித்து அனுப்ப முடியுமா? ஏதாவது உடைந்தால் நானே சரிசெய்துகொள்ள வசதியாக இருக்கும்.

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. லேபில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, இனிமே எங்களை எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்கிறாள். ஒருவருடைய மேல்தாடைக்கு இன்னொருவருடைய கீழ்த்தாடையைப் பொருத்தி ஒரு செட்டையே வீணாக்கினேன், டாக்டர்கூடத் திட்டவில்லை. "அக்காவா, பலே" என்ற வரி தெரிகிற மாதிரி கடிதத்தை மடித்து, என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

வரைபடம் எனக்கு வராது. நான் எதையும் அளந்து செய்கிறவள் இல்லை, கை பழகிப் போயிற்று. சேஸிதான் உன்னிடம் இருக்கிறதே, காலிப்பரை வைத்து நீயே அளந்துகொள். சந்தேகம் இருந்தால் கேள்.

ஆண்டுப் போட்டிக்கு நான் வரலாமா? டாக்டரிடம் நான்கு நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார். உன் வீட்டில் ஒரு மூலை போதும். அந்தக் கண்ணாடிப் பலகையையும் படிவத்தையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். அந்த மூக்குக்கண்ணாடிக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லவேண்டும். மாமா தன் இருமலோடு இங்கேயே இருப்பார்.

உன் பெண்டாட்டிக்கு முதுகு எப்படி இருக்கிறது? சுமை தூக்க வேண்டாம் என்று சொல்.

பிரியமுள்ள அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே.

ஜூனில் வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். வீட்டில் வெள்ளையடிக்கிறோம், சாமான் எல்லாம் கூடத்தில் கிடக்கிறது. போட்டி நடக்கிற இடத்தில் உட்காரவும் வசதியில்லை, நாள் முழுக்க நிற்கவேண்டும், சத்தம் வேறு. நீங்கள் வந்து சிரமப்பட வேண்டாம். இன்னொரு தடவை நிதானமாக வரலாம். படம் எடுத்து அனுப்புகிறேன்.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி


மே 25

தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாமாவுக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

என்னை எப்போதிலிருந்து "நீங்கள்" ஆக்கினாய்? மூக்கு ஒழுகிக்கொண்டு என் முதுகில் தொங்கிய நாளிலிருந்து நான் உனக்கு "நீ"தான். வெள்ளையடிக்கிற வீட்டில் படுத்து எனக்குப் பழக்கம் உண்டு, நிற்பதும் பழக்கம்தான், லேபில் நாள் முழுக்க நிற்கத்தானே செய்கிறேன். இருந்தாலும் வராதே என்று சொன்ன இடத்துக்கு வருகிறவள் இல்லை நான். லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது, உன்னிடம்தானே சொல்கிறேன். படத்தை அனுப்பு. படிவத்தையும் சேர்த்து எடு, எழுத்து தெரிகிற மாதிரி.

ஜெயித்து வா.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பும் மாமா உடம்பும் தேவலையா? ஆண்டுப் போட்டியில் முதலிடம், கப் வந்தது. போன் ரிப்பேரானதில் படம் எல்லாம் போய்விட்டது, இல்லையென்றால் அனுப்பியிருப்பேன்.

சும்மா ஒன்று கேட்கிறேன். இடது பக்கத் தாங்கிக்கு அடியில் அந்தச் சின்னத் துண்டு வைக்கிறாயே, அது எதற்கு? வேறொன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான். போனில் வேண்டாம், விவரமாகக் கடிதமாகவே எழுதிவிடு. முடிந்தால் இந்த வாரமே போட்டுவிடு. பார்சல் ஏதாவது அனுப்பினால் இனிமேல் வீட்டு முகவரிக்கே அனுப்பு, கிளப்புக்கு வேண்டாம்.

உன் தம்பி


ஜூலை 8

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பின் அறிமுகமில்லாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும். தங்கள் தம்பி உறுப்பினராக உள்ள கார் பந்தயக் கிளப்பின் செயலாளர் நான். தங்கள் பார்சல்களை வாங்கி வைத்தவன் என்பதால் முகவரி என்னிடம் இருந்தது.

தங்கள் தம்பி சொந்தமாக யோசித்துச் செய்த சேஸி, அடுத்த ஆண்டு புதிய உறுப்பினர்கள் அனைவரும் பயன்படுத்த வேண்டிய மாதிரியாக எங்கள் கிளப்பில் தேர்வாகியிருக்கிறது. கிளப் சுவரில் உள்ள பலகையில், செய்தவர் என்று அவர் பெயரைப் பொறித்திருக்கிறோம். அவரே அளவுகளோடு படம் வரைந்து, இரண்டு மணி நேரம் விளக்கமும் சொன்னார். பதினொரு பேர் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். பதினொன்றிலும் வலது முன்சக்கரம் கண்ணாடியில் படாமல் அந்தரத்தில் நிற்கிறது. அவருடைய கார் மட்டும் ஒழுங்காக உட்காருகிறது. கேட்டால், "உங்க கைப்பிசகுங்க" என்கிறார். பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி கை பிசகுமா என்று எனக்குச் சந்தேகம். இடது பின்பக்கம் ஒரு சின்னத் துண்டு வருகிறது. அது எதற்கு என்றேன். "அதுதாங்க என் ரகசியம், வளைவுல பிடிமானம் அதுலதான் இருக்கு" என்றார்.

தங்களுக்கு எழுதக் காரணம் இதுதான். அவருக்குப் பித்தளைத் தகடு வாங்கி அனுப்புவது தாங்கள்தான் என்று சொல்லியிருக்கிறார். தாங்கள் அனுப்பும் தகட்டின் கனம் எங்களுக்குக் கிடைக்கிற தகட்டிலிருந்து வேறாக இருக்குமோ? எந்தக் கனம், எங்கே வாங்குகிறீர்கள் என்று தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

தங்களைப் போன்ற அக்கா கிடைத்தது அவர் அதிர்ஷ்டம்.

பணிவுடன்,
செயலாளர்


ஜூலை 15

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும்.

தகட்டின் கனத்தில் ஒன்றுமில்லை. எல்லாக் கடையிலும் கிடைக்கிற தகடுதான். இடது தாங்கிக்கு அடியில் உள்ள அந்தத் துண்டைப் பதினொன்றிலும் எடுத்துவிட்டு, தாங்கியை நேராகக் கம்பியின் மேல் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். நான்கு சக்கரமும் கண்ணாடியில் உட்காரும். காகிதம் நுழையாது.

துண்டு ஏன் வேண்டாம், தம்பி காரில் மட்டும் ஏன் அது இருந்தாக வேண்டும் என்று அவனையே கேளுங்கள். அவன் சொல்வான். சொல்லத் தேவையானதை அவனுக்குத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் காகிதம் செருகிப் பார்க்கிறவர் என்று தம்பி எழுதியிருந்தான். அப்படிப் பார்க்கிறவர்கள் எங்கள் தொழிலிலும் குறைவு. அதற்காக என் வணக்கம்.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 15

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாமாவும் இருக்கிறார். உன் கழுத்தைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

உன் செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். நான் உனக்குப் பித்தளை வாங்கி அனுப்புகிறவள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லேபில் நின்றுகொண்டே படித்தேன். பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, இன்னொரு கப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை, வாயிலிருந்து தானாக வருகிறது. உனக்கும் அப்படித்தான் வந்திருக்கும். "அக்காவா, பலே" என்று அவர் வாயில் போட்டாயே, அதை எப்படி யோசித்தாய்? எழுதும்போது கை நிற்கவே இல்லையா? மூன்று மாதம் அந்த வரியைத் தலைக்கு மேல் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தேன். வருகிறவன் போகிறவனெல்லாம் படித்தான். இப்போது அங்கே பசை மட்டும் இருக்கிறது, சுரண்டினாலும் போகமாட்டேன் என்கிறது.

போன் செய்து உன்னைக் கிழித்திருக்கலாம். என் குரல் உடையும், நீ "ம்ம், ம்ம்" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டாயே, துண்டு எதற்கு என்று. கேள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ பலகையைத் தேய்த்தபோது, இடது பின்மூலையை அதிகம் தேய்த்துவிட்டாய். ஒரு விசிட்டிங் கார்டு கனம் பள்ளம். அதில் நான் செய்த முதல் சேஸியிலேயே தெரிந்துவிட்டது, இடது பின்சக்கரம் தாழ்ந்து இடது முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது. வேறு பலகை வாங்க எனக்குத் தெரியாதா? நீ அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "என் கையால செஞ்சதுக்கா, குறை இருந்தா சொல்லு" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போதுதான் பட்டறையில் உன்னை எல்லோரும் கையாலாகாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு குறையும் இல்லடா என்றேன். அன்றிலிருந்து பலகையில் பள்ளம் இருக்கிற பக்கத்துத் தாங்கிக்கு அடியில் ஒரு துண்டு வைத்துச் சமன் செய்கிறேன். நேரான பலகையில் செய்கிறவனுக்கு அது தேவையே இல்லை, வைத்தால் எதிர்ப்பக்கம் வலது முன்சக்கரத்தைத் தூக்கிக் காரைக் கெடுக்கும். பதினொரு பேருக்கும் கெட்டது அப்படித்தான்.

அது பிடிமானம் இல்லை, ரகசியமும் இல்லை. உன் தப்பை மூட நான் வைத்த துண்டு. அதைத்தான் நீ காலிப்பர் வைத்து அளந்து, படம் வரைந்து, பதினொரு பேருக்கு முன்னால் உன் சாமர்த்தியம் என்று இரண்டு மணி நேரம் விளக்கியிருக்கிறாய். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் லேபின் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்னிடம் நான் என்ன கேட்டேன்? கப்பைக் கேட்டேனா, உன் இடத்தில் நின்று ஓட்டுகிறேன் என்றேனா? படிவத்தில் ஒரு வரி கேட்டேன். வேறு யாராவது செய்திருந்தால் போகிறான் என்று விட்டிருப்பேன். எனக்கு அது எத்தனை பெரிசு என்று உனக்குத் தெரியும், நான்தான் வெட்கத்தை விட்டு எழுதிக் கொடுத்தேன். தெரிந்துதான் செய்தாய்.

துண்டை எடுத்துவிடச் சொல்லிச் செயலாளருக்கு எழுதிவிட்டேன். காரணத்தை நீ சொல்வாய் என்றும் எழுதியிருக்கிறேன். உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் உன்னைக் கேட்பார். உண்மையைச் சொல்வதென்றால் உனக்கு இந்தப் பலகை வேண்டும், இதில் செய்தால்தான் அந்தத் துண்டுக்கு அர்த்தம் உண்டு. பொய் சொல்வதென்றால் எதுவும் வேண்டாம், உனக்கு வரும்.

அதனால் பலகையை அனுப்பிவிட்டேன். எனக்கு இனி வேண்டாம், நேரான பலகை ஒன்று வாங்கிக்கொண்டேன். நேற்று அதில் ஒரு சேஸி செய்தேன், பழக்கத்தில் கை துண்டைத் தேடியது.

திருப்பி அடிப்பக்கத்தைப் பார். "செய்தவர்: தம்பி" என்று ஆணியால் கீறியிருப்பாய். கீறிய பிறகு என்னிடம் நீட்டி, தெரிகிறதா, தெரிகிறதா என்று இரண்டு தடவை கேட்டாய். ஆறு வருஷத்தில் ஈயம், அமிலம் எல்லாம் சிந்தியது. அந்த எழுத்தின் மேல் மட்டும் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொண்டேன்.

இதை நீதான் செய்தாய். உன் பேரிலேயே இருக்கட்டும்.

அக்கா